சத்தமில்லாத கடிகாரம்

எங்கள் பட்டறையில் ஒரு கடிகாரம் முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் உண்டு. நாகேஸ்வரன் சார் படம் வரைவார், வேலாயுதன் சக்கரத்துக்குப் பல் வெட்டுவான், நான் காது வைப்பேன். மொத்தமே மூன்று பேர்தான். ஆரியசாலையில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம்.

நாங்கள் செய்வது கடையில் தொங்கும் வட்டக் கடிகாரம் அல்ல. சக்கரம், அச்சு, ஊசல் எல்லாமே மரம். பேட்டரி கிடையாது, கயிற்றில் தொங்கும் எடைதான் ஓட்டும். ஒன்றில் ஒரு கொக்கு கழுத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி மணி காட்டும். இன்னொன்றில் ஒரு ஆள் பன்னிரண்டு படி ஏணியில் ஏறுவான், உச்சிக்குப் போனதும் தொப்பென்று கீழே வந்து மறுபடி முதல் படியில் நிற்பான். "இது நம்ம சாருக்க ஜாதகமாக்கும்" என்பான் வேலாயுதன். சாரும் சிரித்துக்கொள்வார். கரமனை அக்ரகாரத்துக்காரர், கோபம் வராத மனிதர். எனக்குத்தான் அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் கோபம் வரும்.

காது வைப்பது என்றால் இதுதான். மரக் கடிகாரத்தில் ஊசல் இந்தப் பக்கம் போகும்போது ஒரு டக், அந்தப் பக்கம் போகும்போது ஒரு டக். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் இரண்டு நாளில் நின்றுவிடும். அதோடு எங்காவது மரத்தோடு மரம் உரசுகிறதா, கீச்சிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். கண்ணால் இதைப் பார்க்க முடியாது. கீழே தெருவில் லாரியும் மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர்களின் கூச்சலும் ஓய்வது மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான். அப்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, மற்ற இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவேன். அவர்கள் மூச்சுவிடும் சத்தம்கூட இருக்கக் கூடாது. அரை மணி நேரம் பெட்டியில் காதை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். எல்லாம் சரி என்றால் பின்பக்கம் பென்சிலால் 'ரா' என்று எழுதுவேன். ராகேல். அதற்கப்புறம் யாரும் அந்தக் கடிகாரத்தைக் கேட்டுப் பார்க்க மாட்டார்கள். அது பட்டறை வழக்கம், நான் வைத்த வழக்கம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆர்மோனியம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். பாறசாலை, அமரவிளை பக்கத்துச் சபைகளில் எந்தப் பெட்டியில் எந்தக் கட்டை அழுகிறது என்று வாசலில் நின்றே சொல்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கல்யாணம் இல்லை, தங்கை வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன், வயது ஐம்பத்து மூன்று. எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்தக் காது ஒன்றுதான்.

அது போய்விட்டது. இடது காது முந்தின வருஷமே அடைத்துவிட்டது. வலது காதில் முதலில் குயில் போயிற்று, பிறகு குக்கர் விசில் போயிற்று. டாக்டர் ஒரு மெஷின் தந்தார். அதை மாட்டினால் ஆரியசாலை முழுவதும் என் மண்டைக்குள் வந்து சரக்கு இறக்கியது, கடிகாரம் மட்டும் கேட்கவில்லை. கழற்றித் துணிப் பெட்டிக்குள் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவளுக்கு அந்தப் பட்டறையில் என்ன வேலை? தரை பெருக்கலாம். அதற்கு நான் தயாராக இல்லை.

ஆகையால் பேச்சை உதட்டைப் பார்த்தும், கடிகாரத்தை விரலாலும் கேட்கப் பழகிக்கொண்டேன். பெட்டியின் ஓரத்தில் மூன்று விரலை வைத்தால் டக் டக் என்பது நாடி மாதிரி வந்து தட்டும். இடைவெளி சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். ஒரு புகார் வரவில்லை. காதைவிட விரல் தேவலை என்றுகூட ஒரு நாள் நினைத்தேன், அவ்வளவு திமிர்.

இந்த ஜூன் மாதம்தான் அந்தப் படகுக் கடிகாரத்துக்கு ஆர்டர் வந்தது. ஊருக்கு வெளியே, குணமாக வழியில்லாத நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம். அங்கே பெண்கள் வார்டில் ஆறு கட்டில். அந்த டாக்டரம்மா நேரில் வந்தார். "நம்பர் வேண்டா, முள்ளு வேண்டா. காலையா, உச்சையா, சாயங்காலமா, அது தெரிஞ்சா போதும். ஆனா சத்தம் மட்டும் கூடவே கூடாது. ஒறக்கம் அவங்களுக்கு மருந்து மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் ஒரு ஆறு வரைந்தார். பலா மரத்தில் நீளமாக ஒரு ஆறு, அதில் கையளவு படகு. காலை ஆறு மணிக்கு இந்தக் கரையில் கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கரைக்குப் போகும், இரவெல்லாம் திரும்பி வரும். டக் சத்தம் வரும் இடத்தில் நான் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டினேன். இரண்டு நாள் ஒட்டிப் பிரித்து, ஒட்டிப் பிரித்து. மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பி விரலை வைத்தேன். பஞ்சில் தட்டுவதுபோல் இருந்தது. காதையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதானே வேண்டும்! எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 'ரா' எழுதிக்கொண்டிருக்கும்போதே இல்லத்தின் வேன் கீழே வந்து நின்றது. சாரும் வேலாயுதனும் படியேறி வந்தார்கள்.

"நாளைக்கு அனுப்பலாமே, அவசரம் என்ன?" என்றார் சார்.

"என்னத்துக்கு நாளைக்கு? நான் காது வச்சாச்சு. கொண்டு போகட்டும்" என்றேன். சார் வேலாயுதனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். நானே வேனில் கூடப் போய் வார்டில் மாட்டினேன். அங்கே நர்ஸ் ஷெமியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "நான் வராம ஒருத்தரும் இதத் தொடப்பிடாது. ஊசல நிறுத்தினா எல்லாம் பிசகீரும்." அந்தப் பெண் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் போன் வந்தது. நான் போன் எடுப்பதில்லை, கையில் பசை என்று சொல்லிவிடுவேன். வேலாயுதன் எடுத்தான். பேசி முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னான். கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான் பேசுவான். மரியாதை கூடிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, படகுக் கடிகாரத்துல சத்தம் உண்டாம்."

"சும்ம இரி. அதுல சத்தம் இல்ல. ஃபேனாயிருக்கும், கட்டிலாயிருக்கும்."

"நானும் சாரும் போய்ப் பாத்துட்டு வாறோம். அக்கா இங்க இருங்க."

"நான் காது வச்சதை நீ என்னலே பாக்கியது?" என்று கத்தினேன். கத்தினேன் என்பது அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கடைசியில் சாரும் நானும் ஆட்டோவில் கிளம்பினோம்.

வார்டில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. படகு நடு ஆற்றுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. மூன்றாவது கட்டிலில் ஒரு அம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எலும்பும் தோலுமாக, கண் மட்டும் பெரிதாக. ஷெமி அந்த அம்மாவைக் காட்டி என்னிடம் சொன்னாள். அவள் வாயசைப்பு தெளிவு, எனக்குப் புரிந்தது.

"இது மாடம்மாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் கீச்சுன்னு ஒரு ஒச்ச வருது அக்கா. மத்தவங்களுக்கு பிரஷ்னம் இல்ல, ஊசி போட்டா ஒறங்கீருவாங்க. இவங்க அறுபது எண்ணி எண்ணி அதுக்குக் காத்துக்கிட்டு கிடக்காங்க. எட்டு நாளா ஒறக்கம் இல்ல. நிறுத்தலாம்னா நீங்க தொடப்பிடாதுன்னு சொன்னீங்கல்லா."

நான் போய்ப் பெட்டியில் விரலை வைத்தேன். டக் டக், பஞ்சில் தட்டுவதுபோல். ஒரு நிமிஷம் வைத்தேன், இரண்டு நிமிஷம் வைத்தேன். எதுவும் மாறவில்லை. "ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன். மாடம்மாள் கண்ணை இறுக மூடி முகத்தைச் சுளித்திருந்தார். இரண்டு கட்டில் தள்ளிக் கிடந்த கிழவிகூட கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அது கீச்சிட்டிருக்கிறது. என் கை அதன் மேலேயே இருந்தது.

டக் என்பது தட்டும், விரலுக்குத் தெரியும். கீச் என்பது தட்டாது. கடைசிச் சக்கரத்தின் அச்சில் ஒரு துளி மெழுகு தேய்க்காமல் விட்டிருக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை. காது கேட்கிற யாராக இருந்தாலும் பட்டறையிலேயே பிடித்திருப்பார்கள்.

அப்படியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து ஃபேனைப் பார்த்தேன். ஃபேன் ஓடவே இல்லை.

சார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எதையோ தொட்டார், கடிகாரத்தின் அடியில் பிடித்தார். திரையில் சத்தம் கோடு கோடாக ஓடி, ஒரு இடத்தில் குத்தென்று உயர்ந்தது. மாடம்மாள் கண்ணை மூடியதும் அதே நேரம்தான். சார் இதைப் புதிதாகச் செய்யும் ஆள் மாதிரி இல்லை. கை பழகியிருந்தது. நான் போனைப் பிடுங்கினேன். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பட்டியல் இருந்தது. கொக்கு, ஏணி, நண்டு, இன்னொரு கொக்கு, எதிர்ப்பக்கம் சுற்றும் ஒன்று. எல்லாம் நான் 'ரா' எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. ஒவ்வொரு தேதியும் நான் எழுதிய அதே நாள், நேரம் மட்டும் நான் வீட்டுக்குப் போன பிறகு.

"எப்பம் இருந்து?" என்று கேட்டேன்.

சார் என் முகத்துக்கு நேராக வந்து மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து. வேலாயுதன்தான் கண்டுபிடிச்சான். பின்னாடி நின்னு கூப்பிட்டா நீங்கோ திரும்பறதில்லைன்னு. சொன்னா மனசு நொந்து வராம இருந்துடுவேளோன்னு... நீங்கோ ஆத்துக்குப் போனப்பறம் நாங்க ஒரு தரம் பாத்துடுவோம். இதுக்கு மட்டும் அதுக்கு முன்னாடியே வண்டி வந்துடுத்து. உங்க முன்னாடி எப்படிப் போனை எடுக்கறது?"

பதினான்கு மாதம். நான் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்ததெல்லாம் அவர்கள் எனக்காக நடத்திக்கொண்டிருந்த சொப்பு விளையாட்டு. எனக்கு அழுகை வரவில்லை, அவமானம்தான் பிடுங்கித் தின்றது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. என் மானம் போகக் கூடாது என்று இரண்டு நல்ல மனிதர்கள் வேன் வந்த அந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டார்கள், அதற்கு யாரோ ஒரு அம்மா எட்டு நாள் தூங்காமல் கிடந்திருக்கிறார். இருக்கப்போவது எத்தனை நாளோ, அதில் எட்டு நாள். அதை எந்த மெழுகைத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பது?

ஊசலைக் கையால் பிடித்தேன். நின்றது. நின்றதும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வார்டில்தான் தெரிந்தது. மாடம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார், உதடு அசைய எண்ணினார், பிறகு இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துத் தலையணை மேல் போட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பல் இல்லாத வாய், எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தேன். மறுபடியும் சொன்னார். வலது காதைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது தரமும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்று ஷெமியிடம் கேட்டேன். அவள் சாரைப் பார்த்தாள். "சொல்லு பிள்ளே" என்றேன்.

அவள் சத்தமாகச் சொன்னாள். ஆறு கட்டிலும் என் பக்கம் திரும்பியதிலிருந்து எவ்வளவு சத்தம் என்று தெரிந்துகொண்டேன். "அந்த ஒச்ச ஒங்களுக்குக் கேக்கலியான்னு கேக்காங்க அக்கா."

யாரிடமும் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னேன். "கேக்கல. எனக்குக் காது கேக்காது."

மாடம்மாள் என்னைப் பார்த்தார். எனக்காகவே என்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி உதட்டை அசைத்தார். இந்தத் தரம் ஷெமி வேண்டியிருக்கவில்லை.

"குடுத்து வச்சவ."

கேலி இல்லை. பொறாமைப்பட்டுத்தான் சொன்னார்.