ஓரப் பாய்

மஞ்சக்குட்டையில் இன்றைய மாலைத் தையல் வகுப்பு முடிந்துவிட்டது. எழுந்து போகாமல் மேசையிலேயே இதை எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிந்தால் என் தவறு எங்கே என்று தெரியும். தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

மகன் பிறந்து பதினொரு மாதம். அன்றிலிருந்து இருமினால், சிரித்தால், காப்பித் தோட்டத்தில் பழக்கூடையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறேன். ஒருமுறை கணவர் மாதேஷ் என்னை அணைத்தபோது பாய் நனைந்தது. அவர் கவனித்தாரா என்று இதுவரை கேட்கவில்லை.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் மாதவிலக்காகித் தூரமான பெண் ஐந்து நாள் ஓரத்தில் தனிப் பாயில் படுப்பாள். யாரும் நெருங்கமாட்டார்கள். துணி அலசினாலும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நான் பொய்யாகத் தூரமானேன். மாதத்துக்கு இரண்டு முறை, போன மாதம் மூன்று முறை.

அந்த நாட்களில் அடுப்படி முழுக்க மாமியார் தலையில்தான். "ஏங்கண்ணு, உனக்கு மட்டும் மாசத்துக்கு மூணு அமாவாசையா?" என்று முதலில் கேலி செய்தார். அப்புறம் அவருக்கே பயம் வந்துவிட்டது. "ரத்தம் நிக்கலீன்னா கர்ப்பப்பையில என்னமோ இருக்குது சாமி. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"நான் தனியாப் போயிட்டு வர்றனுங்க அத்தை."

"தனியா உட்டா நீ வாயத் தொறப்பியா?"

இன்று காலை மலையிலிருந்து பஸ்ஸில் சேலம் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்தேன். மருத்துவமனையில் அத்தையே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான் தலையாட்டினேன். ஸ்கேன் எடுக்க ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து அடக்கி வைக்கச் சொன்னார்கள்.

இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடினேன். மூன்றாம் முறை பெஞ்சிலேயே பாவாடை நனைந்தது.

"ஒரு மணி நேரம் அடக்க முடியாதாம்மா?" என்றார் நர்ஸ்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார். "புள்ள பெத்தவளுக்கு அப்படித்தானுங்க. எனக்கு இருபது வருசமா இதே கதைதான். நான் யாருகிட்டச் சொன்னேன்?" என்று சிரித்தார். நர்ஸும் சிரித்தார்.

இருபது வருடம் என்று அவர் சொன்ன பிறகு என் வாய் திறக்கவில்லை.

அடங்கிய மட்டும் வைத்து எடுத்த ஸ்கேனில் குறை ஒன்றுமில்லை. ரத்தப்போக்கை நிறுத்த இருபத்தொரு நாளுக்கு மாத்திரை எழுதினார் டாக்டர். சாப்பிடும்வரை தூரமே வராதாம்.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா?"

"இல்லீங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதல் மாத்திரையைத் தன் கையாலேயே என் வாயில் போட்டார். மாதேஷ் குளித்து, புதுச் சட்டை போட்டிருந்தார். "இனி உனக்கு ஓரப் பாய் எதுக்கு?" என்று அதைச் சுருட்டிப் பரணில் ஏற்றினார். இத்தனை மாதத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பிடம் என்ன சொல்வது?

வெளியே அவர் பைக் ஹாரன் இரண்டாம் முறை கேட்கிறது. எழுந்தால் கசியும். கடைசிப் பெண்ணும் போகட்டும் என்று, பேனாவை மூடிவிட்டு, சுற்றிய நூலையே மறுபடி சுற்றப்போகிறேன்.