நாலாவது கியர்

அந்த கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கித் தரையில் வைத்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேறு யாருடைய வண்டியாக இருந்திருந்தாலும், ‘எடுத்துக்கொண்டு போய்யா’ என்று சொல்லியிருப்பேன். வண்டி என் தங்கை வீட்டுக்காரருடையது. பண்ணையில் முட்டை ஏற்றிக் கடை கடையாகப் போடுகிற சின்ன பிக்கப். என் பட்டறையில் அவருக்கு முட்டைக்காரர் என்றே பெயர். முதலில் வந்தபோது, பின்சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்டின் மூட்டில் இருக்கிற கிராஸ் தேய்ந்திருந்தது, மாற்றினேன். அடுத்து வந்தபோது ஷாஃப்டின் நடுவில் தாங்குகிற பேரிங் ரப்பர் கிழிந்து தொங்கியது, கியர்பாக்ஸும் கத்தியது. அதையும் பிரித்துச் சரி செய்தேன். ஒவ்வொரு தடவையும் நானே ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. கொஞ்ச நாளில் அதே வண்டி, அதே வியாதியோடு, வாசலில் வந்து நிற்கும்.

மாப்பிள்ளை வந்து சொல்வதும் ஒரே வாக்கியம்தான். “வண்டில ஏதோ நடுக்கம் இருக்கு மச்சான்.” என்னிடம் வருகிறவர்கள் வண்டி உதறுது என்பார்கள், ஆடுது என்பார்கள், தூக்கிப் போடுது என்பார்கள். நடுக்கம் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயில்லாப் பூச்சி, வார்த்தை தெரியாமல் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை பிரித்துப் பார்த்ததில் எனக்குத் தலை சுற்றியது. ரெண்டாவது கியரும் மூன்றாவது கியரும் அரைபட்டுக் கிடந்தன. ஒன்றும் நாலும் ஐந்தும் நான் போன தடவை துடைத்து வைத்த பளபளப்பு மாறாமல் இருந்தன. கியரைத் தள்ளுகிற ஃபோர்க்கும் ஒரே பக்கம்தான் தேய்ந்திருந்தது. எண்ணெய் இல்லாமல் தேய்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்து தேய்ந்திருக்கும். இது ஓட்டுகிற ஆள் செய்த வேலை.

“மாப்ள, நாலாவதுன்னு ஒரு கியர் இருக்கு. கம்பெனிக்காரன் காசு வாங்கிட்டுத்தான் வச்சிருக்கான். எப்பவாவது தொட்டுப் பாருங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். இடது கை வழக்கம்போல பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பதில் சொன்னது கூட வந்திருந்த தங்கைதான். “ஊருக்குள்ள எங்கண்ணா நாலாவதெல்லாம் போடுறது? தெருவுக்குத் தெரு நிறுத்தணும்.”

இவள் இப்போதெல்லாம் தினமும் வண்டியில் கூடவே போகிறாள். கேட்டால், முட்டை உடைகிறது, தட்டை இறக்க ஒரு கை வேண்டும் என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஜோடியாக ஊர் சுற்றுகிறீர்களா என்று நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தால் வண்டியைப் பின்னால் எடுக்கவே மாட்டார். பக்கத்துக் காலி மனையை ஒரு சுற்றுச் சுற்றி, தெருவைப் பார்த்தபடி நிறுத்துவார். அதற்கும் கேலிதான். கண்ணெதிரே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வாய்தான் வேலை செய்தது.

எல்லாவற்றையும் மாற்றி, பூட்டி, ஷாஃப்டைக் கழற்றும்போது போட்ட அடையாளக் கோட்டுக்கே நேராகப் பொருத்தினேன். பிறகுதான் அந்த யோசனை வந்தது. எப்போதும் நானே ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிறேன். என் கையில் அது உதறுவதில்லை. அவர் கையில்தான் உதறுகிறது. அப்படியென்றால் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறிக் கேட்க வேண்டும். பாரம் இருந்தால்தான் தெரியும் என்று பழைய எஞ்சின் இரும்புக் கட்டைகளை வண்டியின் பின் தொட்டியில் ஏற்றினேன்.

“நீங்க ஓட்டுங்க மாப்ள. நான் பின்னாடி படுத்துக்கிட்டு வர்றேன்.”

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள்.

“நீ எதுக்கு? முட்டையா இருக்கு உள்ள?”

“நான் இல்லாம அவருக்கு வண்டி ஓடாதுண்ணா,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

தொட்டியின் தகரத்தில் காதை வைத்துப் படுத்தேன். ஷாஃப்ட் நேர் கீழே ஓடுகிறது. வண்டி கிளம்பிய கணமே என் பல் கிடுகிடுத்தது. அத்தனை பாரத்தோடு ரெண்டாவது கியரிலேயே எடுக்கிறார். கிளட்ச் கதறுகிறது, ஷாஃப்ட் திமிறுகிறது, எஞ்சின் கட்டைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நடக்கிற வேகத்திலேயே மூன்றாவது விழுந்தது. எஞ்சின் மூச்சுத் திணறியது. மேட்டில் ஏறும்போதும் அதே மூன்றுதான். புதிதாகப் போட்ட கிராஸில் ஒவ்வொரு உதறலும் சுத்தியலாக இறங்குவது எனக்குக் கேட்டது. மூன்று தடவை நான் செய்த வேலையையும் ஒரே தெருவில் அடித்து நொறுக்குகிறாரே என்று ஆத்திரத்தோடு எழுந்து, பின்கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மாப்பிள்ளையின் வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என் தங்கை ஒரு பக்கமாகத் திரும்பி, சாலையைப் பார்க்காமல் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பம் வந்தது. அவர் கிளட்சை மிதித்து “ம்” என்றார். கண்ணாடி வழியாக அந்த ‘ம்’ கேட்கவில்லை, வாய் மூடியபடியே தாடை அசைந்தது. அவள் தோள் இறங்கியது. கியர் கம்பியை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினாள். ரெண்டாவது. திருப்பம் முடிந்ததும் இன்னொரு ‘ம்’. மேலே தள்ளினாள். மூன்றாவது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கூரையைப் படபடவென்று தட்டி வண்டியை நிறுத்தினேன். குதித்து இறங்கி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து சாவியை உருவிக்கொண்டேன்.

“எவ்வளவு நாளா நடக்குது இது?”

“முட்டை உடைய ஆரம்பிச்சதுல இருந்து,” என்றாள் தங்கை.

“எவனாவது குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க? அவரு ‘ம்’ சொல்லி, நீ குனிஞ்சு தேடி... ரெண்டு பேரும் சேந்து சாகப் போறீங்களா?”

“பிரேக்கு கால்லதான மச்சான் இருக்கு,” என்றார் மாப்பிள்ளை. வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை. பிறகு தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தார்.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. எஞ்சின் நின்றிருந்தது. சாவி என் கையில் இருந்தது. அந்தக் கை நிற்கவில்லை. இதைத்தான் நான் இத்தனை நாளாக ஸ்பேனரும் கையுமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“காட்டாம இருப்போமா? நரம்புக் கோளாறாம். மாத்திரை குடுத்திருக்காங்க. குறைக்கலாம், நிறுத்த முடியாதுங்கறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அப்புறம் இதுக்கும் வருமாம்.”

நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். “இனி நீங்க ஓட்ட வேண்டாம் மாப்ள.”

“சரி மச்சான். வீட்ல உக்காந்து இந்தக் கையையே பாத்துக்கிட்டு இருக்கேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன். கடையில் காலித் தட்டு திரும்பவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

கட்டைகள் சரிந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று வண்டிக்குப் பின்னால் போனேன். தங்கை இறங்கிக் கூடவே வந்தாள்.

“நீ கத்துக்கிட்டு ஓட்டுனா என்ன?” என்றேன் மெதுவாக.

“எத்தனையோ தடவை வாயெடுத்தேண்ணா. ‘அப்ப நான் எதுக்கு’ன்னு கேட்டுட்டாருன்னா என்ன சொல்றது? இப்ப நான் உதவிக்கு வர்றேன், அவரு ஓட்டுறாரு. ரெண்டு பேரும் அப்படித்தான் வச்சிருக்கோம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீயும் அவர் முன்னாடி இதக் கேட்டுடாத.”

ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் ஏன் உதறுகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தங்கை ஏன் அவருக்கு டம்ளரில் பாதிதான் காபி ஊற்றுகிறாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன். நடுவில் தங்கை. ஜன்னலோரம் மாப்பிள்ளை, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு. முதல் கியரில் எடுத்தேன். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்தது. ரெண்டாவதுக்குக் கிளட்சை மிதித்தேன். என் கை போவதற்குள் அவள் கை அங்கே இருந்தது. கம்பி அதற்குள் கீழே விழுந்துவிட்டது. நான் அவள் கையின் மேல் கை வைத்திருந்தேன். சுட்டதுபோல அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“பழக்கம்,” என்றாள்.

அடுத்த கிளட்சை மிதித்துவிட்டு நான் கையை ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தேன். எஞ்சின் வெறுமனே இரைந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“ம்,” என்றேன்.

மூன்றாவதைப் போட்டாள். சாலை நேராகவும் காலியாகவும் இருந்தது. வேகத்தை ஏற்றினேன். எஞ்சின் அடுத்ததைக் கேட்டது. மிதித்தேன்.

“இப்ப உன் பக்கம் இழுக்காத. நேரா கீழ.”

அவள் தயங்கினாள். ஜன்னலோரம் அந்தத் தலை திரும்பவில்லை. ஆனால் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தலை அது. ஒரு கையால், நேராக, கீழே இழுத்தாள்.

வண்டியின் இரைச்சல் அடங்கியது. ஷாஃப்டில் சத்தமில்லை, தொட்டியில் கட்டைகள் அசையவில்லை. அவ்வளவு அமைதியில்தான், இடது பக்கக் கதவின் தகரத்தில் அவருடைய அந்தக் கை மோதிரம் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.