நாகப்பன் குடித்ததில்லை

கோதண்டராமன் வேட்டி மடிப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்துத் தம்பி நாகப்பனின் தலைமாட்டில் வைத்ததும், சரோஜா எழுந்து போய் அதைப் பிடுங்கினாள். புருஷன் செத்த காலையிலிருந்து அவள் பேசியதே அப்போதுதான்.

“இன்னா மாமா இது?”

“அவனுக்குப் புடிச்சதும்மா. கடசியா…”

“யாருக்குப் புடிச்சது? அவரு குடிச்சி நீ பாத்தியா?”

கோதண்டராமன் தெருவைப் பார்த்தார். “தள்ளாடிக்கினு வந்தத நம்ம மண்ணூர் சனமே பாத்துச்சே.”

எல்லையில் சண்டை நடந்தபோது பட்டாளத்துப் பட்டறையில் இருந்தவன் நாகப்பன். பீரங்கி உறுப்புகளை நெடியடிக்கும் ஏதோ கரைப்பானில் முக்கி, வெறுங்கையால் தேய்த்துக் கழுவுவது அவன் வேலை. ஊர் திரும்பியபோது கை நடுங்கியது, நடை கோணியது, பேசிக்கொண்டிருக்கையிலேயே மகள் பெயர் மறந்துபோனது. மனக்கோளாறு என்றார்கள் டாக்டர்கள், இல்லையென்றால் குடி, நடிப்பு என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாதான் போன மாதம் வேறு மாதிரி சொன்னார். வெளிநாட்டில் போருக்குப் போய்வந்த சிப்பாய்களுக்கும் இப்படிக் காரணம் தெரியாத சீக்கு இருக்கிறதாம். அந்த மாதிரித் திரவங்கள் நரம்பைக் கெடுத்திருக்குமோ என்று ஆராய்கிறார்களாம். இன்னும் உறுதியாகவில்லையாம்.

“அப்ப நான் நடிக்கல இல்ல?” என்று கேட்டுவிட்டு, நாகப்பன் அங்கேயே விசும்பி அழுதான்.

சரோஜா பாட்டிலை வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள். கூட்டம் விலகியது.

“ஊரு ஆயிரம் சொல்லும். நீ கூடப் பொறந்தவன். ஒரு நாளாவது கிட்ட வந்து மோந்து பாத்தியா?”

கோதண்டராமன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. ஒரகடத்தில் ஷிப்டிலிருந்த மகள் தென்றல், நீல யூனிஃபார்மோடு ஓடிவந்து அப்பாவின் மேல் விழுந்தாள். அழவிட்டார்கள். பிறகு, நேரமாகிறதென்று யாரோ வாய்க்கரிசித் தட்டை நீட்டினார்கள்.

தென்றல் அள்ளினாள். அவள் விரல்நுனிகள் வெளுத்து, தோலுரிந்து வெடித்திருந்தன. சரோஜா அந்தக் கையைப் பற்றினாள்.

“இன்னாடி இது?”

“லைன்ல சர்க்யூட் போர்டு கழுவுறேன்ல, அதும்மா. தின்னர் மாதிரி இன்னாவோ ஒண்ணு.”

“கிளவுஸ் குடுக்கலியா?”

“போட்டா வேல மெதுவா ஆவுதுன்னு சூப்பர்வைசர் திட்டுறாரும்மா.”

வெளியே சாவு மேளம் தொடங்கியது. “சீக்கிரம் போடும்மா,” என்றது ஒரு குரல்.

சரோஜா மகளின் மணிக்கட்டை விடவில்லை. விரலிடுக்கு வழியே அரிசி பாயில் உதிர்ந்துகொண்டிருந்தது.