அலங்காரம் என்று குறித்த படம்

சுகந்தியின் மகளைத் திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் தாண்டிப் போனார்கள். வகுப்பில் டீச்சர் தர்ஷினிக்கு முந்தின பெயரைக் கூப்பிட்டார், அடுத்த பெயரையும் கூப்பிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. வீட்டில் இருப்பதே அம்மாவும் மகளும்தான். புதன்கிழமை சுகந்தி ஒரே ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டுக் கையும் கழுவினாள். அதற்குப் பிறகுதான் மகளுக்குத் தட்டு வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடநூல்களைக் கணினியில் ஏற்றும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விவரம் எழுத வேண்டும். கணினிக் குரல் அதை வாசிக்கும். தேவையில்லாத படம் என்றால் ‘அலங்காரம்’ என்று குறித்துவிடலாம். குரல் தாண்டிப் போய்விடும்.

குடைப் பாடத்தில் மழை, ஒரு அம்மா, ஒரு சிறுமி. சுகந்தியின் மேசையில் இருந்த மகளின் போட்டோவைப் பார்த்துத்தான் ஓவியர் சிறுமியை வரைந்திருந்தார். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை அலங்காரம் என்று குறித்துவிட்டாள். அவசரம் யாருக்குத்தான் இல்லை?

வியாழக்கிழமை மகளின் கையைப் பிடித்து அலுவலகத்துக்குக் கூட்டிவந்தாள். அலுவலக வராந்தா வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. உள்ளே மழை பெய்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“குறியை எடுத்துட்டு விவரம் எழுதிக்க. ஒரே வரிதாம்மா,” என்றார் பிரிவு அதிகாரி. “எழுதாதது இல்லாததுதான். திருத்த ஒரே ஒரு தடவைதான் ஃபைல் திறக்கும், சேமிச்சா மூடிக்கும். அப்புறம் திறக்காது.”

படத்தைத் திறந்தாள். குடை தெரிந்தது, அம்மா தெரிந்தாள். சிறுமி நின்ற இடத்தைப் பார்த்தால் கண் வழுக்கிப் பக்க எண்ணில் போய் நின்றது. பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். கவுன் என்ன நிறம்? ஒற்றைச் சடையா, இரட்டைச் சடையா?

“பெத்த பிள்ளையை எழுத வரலையே சார்!” அழுதேவிட்டாள்.

அடுத்த இருக்கையில் ஆரோக்கியதாஸ் சார் ஹெட்போனைக் கழற்றினார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எல்லா நூலையும் காதால் கேட்டுச் சரிபார்ப்பவர்.

“இங்க ஒரு பாப்பா மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்குதே, யாரு?”

“உங்களுக்குக் கேக்குதா சார்?”

“அலங்காரம்னா மெஷின் தாண்டும். நான் எதுக்குத் தாண்டணும்?”

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரு சிறுமி. சளி கட்டிய மூச்சு. அறுந்த செருப்பு தரையில் தேய்கிறது. சிரிப்பை அடக்கினால் விக்குகிறாள். அருகில், கையைப் பிடித்தபடி அம்மா.

ஒரு வரியின் அளவைத் தாண்டிவிட்டது. கணினி ஏற்க மறுத்தது.

“எதையாவது எடும்மா,” என்றார் அதிகாரி.

செருப்பை எடுக்கலாம் என்று நினைத்தாள். மனசு வரவில்லை. விக்கலை எடுப்பதாவது! அம்மாவை எடுத்தாள். சேமித்தாள்.

குரல் வாசித்தது. முதலில் மூக்கு வந்தது. பிறகு செருப்பு. பிறகு தர்ஷினி முழுசாக வந்தாள். இரட்டைச் சடை. மஞ்சள் கவுன்.

“யாரு பாப்பா நீ? ஏன் மழையில நிக்கிற?” என்றார் அதிகாரி.

சுகந்தி சந்தோஷத்தில் சத்தம் போட்டு அழுதாள். யாரும் திரும்பவில்லை. அதிகாரி அவள் நாற்காலியைப் பார்த்துவிட்டு விடுப்பு என்று எழுதிக்கொண்டார்.

ஆரோக்கியதாஸ் சார் மட்டும் அழுகை வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாப்பா, உங்கம்மா எங்க?”

“தெரியல அங்கிள். யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க.”

“சரி,” என்றார். “நீயும் விட்டுடாதே.”