இரவுப் பக்கத்துக் காந்தம்

அக்காவின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. தம்பி நகவெட்டியைப் படுக்கையிலேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் எடுத்தான். அழைத்தது பேராசிரியையான அக்காவின் கடைசி மாணவி. எடுத்ததுமே அழுதாள்.

"சார், மேடம் கண்டுபிடிச்சது தப்பு சார்."

அவன் பஸ் ஓட்டுகிறவன். கல்யாணம் காட்சி எதற்கும் தலைகாட்டாமல் அக்கா கோள்களின் காந்தப்புலத்தைக் கட்டிக்கொண்டு அழுததில் அவனுக்குப் புரிந்தது கொஞ்சம்தான். காந்தமே இல்லை என்று எல்லோரும் கைகழுவிய ஒரு கோளுக்கு, இரவுப் பக்கத்தில் மட்டும் துளியூண்டு காந்தம் இருக்கிறது. விண்கலம் அனுப்பிய அளவுகளைப் பத்து வருஷம் சலித்து அக்கா அதைப் பிடித்திருந்தாள். கட்டுரை அடுத்த வாரம் அச்சாக வேண்டும்.

மாணவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினாள். கலம் கோளின் நிழலுக்குள் நுழையும்போதெல்லாம் குளிருக்காக அதன் ஹீட்டர் தானாக ஓடுகிறது. ஹீட்டருக்குப் போகும் மின்சாரமும் காந்தத்தை உண்டாக்கும். கருவி அளந்தது அதைத்தான், கோளை அல்ல.

"இன்னிக்குச் சொன்னாதான் நிறுத்த முடியும். ஆனா மேடம்கிட்ட எப்படி... நீங்களே முடிவு பண்ணுங்க சார்."

நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாள். அவன் ஒழுங்காகத் தூங்கியே பல நாளாகிறது. டாக்டர் வேறு கைவிரித்துவிட்டார். போகிற நேரத்தில் இதையும் அவள் தலையில் கட்ட வேண்டுமா?

உள்ளே வந்து நகவெட்டியைத் தேடினான்.

"யாருடா?"

"உன் ஸ்டூடண்ட். எப்படி இருக்கேன்னு கேட்டா."

"அதுக்கா இவ்ளோ நேரம்? என்னன்னு சொல்லு. கெஞ்சறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

அவளிடம் பொய் சொல்லி அவன் ஒருநாளும் தேறியதில்லை. சொல்லிவிட்டான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "கலம் சுத்தின எல்லாச் சுத்துலயும் ஹீட்டரோட ஒத்துப்போகுதாமா?"

"ஆமாங்கறா."

"அப்ப சரி. பேப்பரை வாபஸ் வாங்கச் சொல்லு."

சண்டை போடுவாள், மடிக்கணினியைக் கொண்டா என்பாள் என்று நினைத்திருந்தான். இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்ததும் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான்.

"நம்ம வீட்டு ஹீட்டர் ஒருநாளாவது உருப்படியா ஓடியிருக்காக்கா? அங்க போய் மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு பாரு."

அவள் உதடு லேசாக அசைந்தது. "அவளத் திட்டாத. சரியாத்தான் பாத்திருக்கா" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்னொரு கையைக் கேட்டான். தரவில்லை. வராந்தாவுக்குப் போய், பேப்பரை வாபஸ் வாங்கும்படி மாணவியிடம் சொல்லிவிட்டு வந்தான்.

மத்தியானம் மூச்சு நின்றது. அதுவரை அவள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது.

தகவல் கேட்டு மாணவி ஓடி வந்தபோது நர்ஸ் மருந்துக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாணவி படுக்கையருகே வராமல் கதவோரமே நின்றாள்.

"மேடம் ரொம்ப வருத்தப்பட்டாங்களா சார்?"

"உங்க மேடமாவது வருத்தப்படறதாவது. நீ சரியாத்தான் பாத்திருக்கேன்னு சொன்னா. சிரிக்கக்கூட செஞ்சா."

நர்ஸ் அக்காவின் தலையைத் தூக்கித் தலையணையை உருவினாள். சுவர்ப் பக்கமாக இருந்த பாதி தெப்பமாக நனைந்திருந்தது.

"என்ன சார், தண்ணி கொட்டிட்டீங்களா?"

மாணவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா சிஸ்டர். நான்தான் கை தவறிக் கொட்டிட்டேன்" என்று தலையணையை வாங்கி, ஈரம் உள்ளே போகும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.