துறைமுகத்தில் மட்டும் நிற்கும் கூம்பு

மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து நிறுத்தத் துறைமுகம் வேண்டும். கடலில் நிற்காது. அரிசியை முதலில் தேங்காய்ப்பாலிலும் மஞ்சளிலும் பாதி வேகவைக்க வேண்டும். பால் முழுவதும் அரிசிக்குள் போனதும் இறக்கி, மீதியை ஆவியில் வேகவிட வேண்டும். முழுக்கப் பாலிலேயே வேகவைத்தால் அடி பிடிக்கும், மேலே அரிசி விறைத்து நிற்கும். பிறகு சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிய மூங்கில் கூம்பில் அமுக்கிக் கவிழ்க்க வேண்டும். லேசாக அமுக்கினால் சரியும், அதிகமாக அமுக்கினால் கல்லாகும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கப்பல் ஒருமுறை சாய்ந்தால் போதும், கூம்பு தட்டோடு தரைக்குப் போய்விடும்.

அதனால் கப்பல் சமையல்காரனான நான் கடலில் சோற்றைத் தட்டையாகவே பரிமாறுவேன். அப்போதும் சண்டை வரும். நான் ஜாவாவில் தெகால் ஊர்க்காரன். எனக்கு மஞ்சள் சோறு என்றால் மெல்லிசாக அரிந்த முட்டையும், இனிப்பாக வறுத்த டெம்பே சோயாக்கட்டியும். எங்கள் கப்பல் எஞ்சினியர் ரூமொண்டோருக்கு ஊர் மனாடோ. உதிர்த்த சூரை மீனைக் காரமாக வதக்கி, விசிறிப்பனை ஓலையில் பொதிந்து தந்தால்தான் அவருக்கு அது சோறு.

"ஜாவாக்காரன் சோத்தைச் சாப்பிட்டா பல்லு விளக்கணும்யா, அவ்வளவு இனிப்பு" என்பார்.

"உங்க ஊர்ச் சோத்தைச் சாப்பிட்டா நாக்கைத் தேடணும்" என்பேன்.

ஆற்றுத் துறைமுகமான பஞ்சர்மாசினில் சாப்பிடும் சோற்றைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் வாதாடியதில்லை. அது மஸ்தூராவின் சோறு.

துறைமுக வாசலை ஒட்டி, ஆற்றங்கரைப் படியில் அவளுடைய கடை. விதவை. விடிந்ததும் ஒரு பானை மஞ்சள் சோறும், ஒரு சட்டி சிவப்புக் குழம்பும் கொண்டு வந்து உட்காருவாள். வற்றல் மிளகாயை ஊறவைத்து, விதை நீக்கி அரைத்து, பனைவெல்லம் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்பில் வதக்கிய குழம்பு. பார்க்கத் தீ மாதிரி இருக்கும், உறைக்கவே உறைக்காது. அதில் விரால் மீன் துண்டு கிடக்கும். கப்பல் ஆற்றுக்குள் வரும்போதெல்லாம் நான் போவேன். எனக்கு வயிற்றுப் பக்கத்துத் துண்டை எடுத்து வைத்திருப்பாள். "கப்பல்காரரே, கொஞ்சம் தாமதமாயிருந்தா பூனைக்குத்தான்" என்பாள். நான் சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்புவேன்.

இந்தமுறை கப்பல் மனாடோவை அடுத்த பீதுங் பக்கம் போகிறது என்று முதலாளியிடமிருந்து சேதி வந்தது. இனிப் பஞ்சர்மாசின் இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு உண்டு. கடல் ஓதத்தில் வெள்ளம் ஏறினால்தான் எங்கள் கப்பல் அதைத் தாண்டும். வெள்ளம் இறங்குமுன், அன்று மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும். காலையில் அவளிடம் கேட்கவில்லை என்றால் கேட்கவே முடியாது.

எனக்குப் பேச வராது. சமைக்க வரும். எங்களில் கூம்பின் நுனியை, மனத்தில் யாரை மேலே வைத்திருக்கிறோமோ அவருக்கு எடுத்துக் கொடுப்போம். கூம்பை அவள் முன்னால் வைத்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"வாயைத் திறந்து கேளு, வார்சிடி. அரிசி பேசாது" என்றார் எஞ்சினியர். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாழை இலை விரித்த தட்டில் கூம்பை ஏந்திக்கொண்டு படியிறங்கினேன். ஆற்றுப் பக்கம் காற்றே இல்லை. கூம்பு அசையாமல் நின்றது.

"அட, என்ன விசேஷம்?" மஸ்தூராவின் முகம் மலர்ந்தது.

"கப்பல் பீதுங்குக்குப் போகுது. இனி இந்தப் பக்கம் வராது. அதான்..."

அவள் கை கரண்டியோடு அப்படியே நின்றது. முகத்தில் இருந்த மலர்ச்சி போயிருந்தது.

"பயணத்துக்கு வேண்டுதலா? நல்லது. பகிர்ந்து தின்னாத்தான் பலிக்கும்" என்று குரலைச் சரிசெய்துகொண்டாள். சுற்றிப் பார்த்தாள். மூட்டை தூக்கும் ஹஸ்புல்லா பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்தவர்களில் அவர்தான் மூத்தவர். மஸ்தூரா கரண்டியால் நுனியை அழகாக வெட்டி எடுத்து, சிவப்புக் குழம்பை ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"பெரியவங்களுக்குத்தானே நுனி. பிடிங்க."

தப்பு என்று சொல்ல முடியாது. அதுவும் முறைதான். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன், பெரியவர் மென்றார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினியர் என்னைத் தேடி வந்தார். வெட்டுப்பட்ட கூம்பைப் பார்த்தார், சிரித்தார்.

"சபாஷ்! ஒத்துக்கிட்டாங்களா? நுனியைச் சாப்பிட்டாச்சு போலிருக்கே!"

"எதுக்கு ஒத்துக்கணும்?" என்றாள் மஸ்தூரா.

அவர் என்னைப் பார்த்தார். "அடப்பாவி, இன்னும் சொல்லலியா? அம்மா, அந்த நுனி உங்களுக்கு. உங்களைக் கட்டிக்கலாமான்னு கேக்க இந்த ஆளு விடியறதுக்கு முன்னாலேருந்து அரிசியோட மல்லுக்கட்டுறான்."

ஹஸ்புல்லா பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். "அல்லாவே! அப்ப நானா இவரைக் கட்டிக்கணும்? வீட்டுல கிழவி விடமாட்டாளே!"

படியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மஸ்தூரா சிரிக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"வாயால கேக்க வேண்டியதை அரிசியால கேட்டா இப்படித்தான் ஆகும்" என்றாள் குனிந்தபடி.

"இப்ப கேக்கறேன்."

கப்பல் ஊதியது. எஞ்சினியர் என் கையைப் பிடித்தார். "வெள்ளம் நமக்காக நிக்காதுய்யா!"

மஸ்தூரா ஒரு கண்ணாடிப் புட்டியைத் துணியால் துடைத்தாள், ஈரமில்லாமல். சட்டியின் ஓரத்திலிருந்து கெட்டியான மிளகாய் விழுதாகப் பார்த்து அள்ளி நிரப்பினாள். மேலே எண்ணெய் ஊற்றி மூடி, என் கையில் வைத்தாள்.

"எண்ணெய் மேல நிக்கற வரைக்கும் கெடாது. ஈரக் கரண்டி போட்டுறாதீங்க. திரும்பி வந்து கேளுங்க. அடுத்த நுனியை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"எப்ப வர முடியும்னு தெரியலையே."

"அதான் கெடாதுன்னேனே."

பீதுங் துறைமுகத்துக்கு எதிரே ஒரு தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. அலை உள்ளே வராது. அங்கே கூம்பு நிற்கும் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. செய்தேன். எஞ்சினியர் சூரை மீன் வாங்கி வந்தார். நுனி மஸ்தூராவுக்கானது, அதில் யாரையும் கை வைக்க விடவில்லை. எல்லோரும் அடியிலிருந்து தோண்டித் தின்றார்கள். தோண்டத் தோண்ட நுனி உடையாமல் கீழே இறங்கி, கடைசியில் தட்டில் தனியாக உட்கார்ந்தது.

ஆறினால் மஞ்சள் சோறு இறுகிவிடும். ஆனால் மறுபடி ஆவியில் வைத்தால் இளகும். சாயங்காலம் அதை ஆவியில் வைத்து எடுத்து, காய்ந்த கரண்டியால் அவள் தந்த விழுதைக் கொஞ்சம் தொட்டு, அவளுக்குப் பதிலாக நானே சாப்பிட்டேன். இப்போது பஞ்சர்மாசின் போகும் கப்பல்களில் சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். புட்டியில் விழுது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. எண்ணெய் இன்னும் மேலே நிற்கிறது.