எது மேல்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

பக்கத்துப் போர்ஷன் அம்மாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைச் சொன்னார். அன்று நல்ல காற்று. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பெரிய படுக்கை விரிப்பு படபடத்துக்கொண்டிருந்தது. கதையின் முக்கியமான இடத்தில் அவர் சொன்ன சொல் "மேல்" என்பதா, "மேல" என்பதா? விரிப்பு அடித்த அடியில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம். நான் பேச்சைவிட இடைவெளிகளை விரும்புகிறவன். ஒருவர் நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன். அப்படி நிறுத்தியதால்தான் இன்று உங்கள் முன்னால் இப்படித் திணறுகிறேன்.

கதையின் மற்றப் பாதி சுவர் வழியாக வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு எத்தனையோ மாலைகள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். காதைக் கழற்றி எங்கே வைப்பது?

கத்துவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் மரம் அறுக்கும் மில்லில் இருந்தவர். ரம்பத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றது. காது போனதும் வேலையும் போனது. காதுக்கருவியைப் போட்டால் தலைக்குள் தகரம் உருள்கிறது என்று இழுப்பறைக்குள் தள்ளிவிட்டார். அம்மாளோ பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் நடைபாதையில் போகிறவன்கூட நின்று கேட்பான். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் வீட்டில் அவர் காதுக்குள் மட்டும் போகாது.

(இந்த முரண் ஒரு கதைக்கு மிகவும் சௌகரியமாக இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

நீலத்தின் நடுவே ஒரு பச்சைப் பொட்டாக அந்தத் தீவு — (வேண்டாம். படகில் போகிறவர்கள் தீவை அப்படிப் பார்ப்பதில்லை. வாந்தி வருமா என்றுதான் பார்ப்பார்கள்.)

பிரிந்துவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள், அதைச் சொல்ல மட்டும்தான் — (பொய். முடிவு செய்யவில்லை. செய்திருந்தால் ஏன் கதை?)

கணவன் மனைவிக்கு இடையிலான மௌனம் என்பது — (இது கட்டுரை. எனக்குக் கைவந்தது என்பதாலேயே அடித்துவிடுகிறேன்.)

எனவே நேராக அவர்கள் கூடத்துக்குப் போகிறேன். போகும் வழியில் ஒன்று நடந்துவிட்டது: மாடியில் "அவர்" என்று மரியாதையாக இருந்தவர், எழுத்தில் "அவள்" ஆகிவிட்டாள். நேரில் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.

அவளுடைய அறிவிப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. பேருந்துகளுக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் போனில் பவளப்பாறைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து, மூச்சுக்குழல் வழியாக மூச்சு விட்டபடி, கீழே மீன்கள் போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இது தெரியும். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா. டிக்கெட் நான் பாத்துக்கறேன். எங்க தங்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, இரண்டு விடுதிகளின் விவரத்தையும் அனுப்பிவிட்டாள்.

அவள் மனதில் இருந்தது மகளுக்குத் தெரியாது. தலைமை நிலையத்துக்கு வரச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தொலைவில், வேறு ஊர். லீவு முடிந்து வந்ததும் பதில் சொல்லியாக வேண்டும். தனியாகப் போய்விடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கணவரிடம் பலமுறை சொல்லியும்விட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. ஒவ்வொரு முறையும் கூடத்திலிருந்து வந்த பதில் ஒன்றுதான்.

"சண்டை போடற மனுஷனோடகூட வாழ்ந்துடலாம் சார்" என்றாள் என்னிடம். "'ம்ம்'மோட வாழ முடியாது."

ஒரு மனிதரின் 'ம்ம்' எனக்கு எப்போதும் நிறைவான பதிலாகவே பட்டிருக்கிறது. அதைச் சொன்னேன். "அப்ப எங்க வீட்டுல ஒரு வாரம் வந்து இருந்து பாருங்க" என்றாள்.

அன்று மாலை போன் அவர் கையில். அவள் அடுப்படியில். நான் சுவருக்கு இந்தப் பக்கம்.

"எதுங்க மேல்?"

"என்னது?"

"ரெண்டுல எது மேல்னு கேக்கறேன்!"

"ரெண்டாவதுதான் மேல. நல்லா மேல!"

"அப்ப அதையே போட்டுருங்க!"

போட்டுவிட்டார்.

* இது அடிக்குறிப்பாக வர வேண்டியது. வேறு யாராக இருந்தாலும் "எது பெட்டரு?" என்று கேட்டிருப்பார்கள், கதையே நடந்திருக்காது. ஒலிபெருக்கியில் ஆங்கிலம் கலக்காமல் பேசிப் பேசி அவளுக்கு வீட்டிலும் அதே பழக்கம். எது சிறந்தது என்று அவள் கேட்டாள். எது உயரத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

3

படகுத்துறையில் பெட்டியை வாங்கிக்கொண்ட ஆள் சீட்டைப் பார்த்தான். பிறகு அவள் கையில் ஆசையாகப் பிடித்திருந்த புது மூச்சுக்குழலைப் பார்த்தான்.

"மேலயா? அங்க தங்கறவங்க கடல்ல எறங்க மாட்டாங்களேம்மா. பாத்துட்டுப் போயிருவாங்க."

"அப்ப எறங்கறவங்க?"

அவன் கரையைக் காட்டினான். வரிசையாக மர வீடுகள். ஒவ்வொன்றின் வாசலிலிருந்தும் ஒரு ஏணி தண்ணீருக்குள் இறங்கியது. அவள் படங்களில் பார்த்த தண்ணீர். எல்லாம் நிரம்பிவிட்டதாம்.

அவர்களுடைய விடுதி குன்றின் உச்சியில் இருந்தது. அறைக்குள் வந்ததும் அவருக்கு நேராக நின்று கேட்டாள்.

"நீங்கதானே மேல்னீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே தென்னைகளின் தலை தெரிந்தது. "மேலதானே இருக்கு? நான் என்ன பொய்யா சொன்னேன்?"

நான் மாடியில் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு அது நகைச்சுவையாக இல்லை. மூன்று சொற்களைக்கூட ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத மனிதரோடு இனி என்ன, என்று தோன்றியதாம். இருட்டத் தொடங்கியிருந்தது. அறையில் விளக்கு எரிந்தது. அவர் கண்ணாடிக் கதவின் முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி நின்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்த முதுகிடம் சொன்னாள். கத்தவில்லை. கேட்காது என்ற தைரியத்தில், சாதாரணக் குரலில் சொன்னாள்.

"என்னை அந்த ஊருக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் மட்டும் போயிடலாம்னு இருக்கேன்."

முதுகு அசையவில்லை. இந்த முறை 'ம்ம்'கூட வரவில்லை.

(இந்த இடத்தில் ஒரு வரி விட்டுவிடுகிறேன். எனக்கு இந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.)

4

மறுநாள் கீழே இறங்கிப் போனார்கள். போகாமல் அறையிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் அவர் காலையிலேயே எழுந்து, அவளுடைய மூச்சுக்குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

கரையில் வழிகாட்டிப் பெண் காத்திருந்தாள். காலில் துடுப்பை மாட்டியதும் பக்கவாட்டில் நடப்பாள் என்பதால் எல்லாரும் அவளை நண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். காது போனவர் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலாக மிதக்கத் தடையில்லை. வந்திருந்தவர்களை வட்டமாக நிற்கவைத்து நண்டு கையால் பேசக் கற்றுக்கொடுத்தாள். கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்ந்த வளையம்: நன்றாக இருக்கிறேன். விரித்த கையை ஆட்டினால்: ஏதோ சரியில்லை. கட்டை விரலை உயர்த்தினால்: மேலே போகலாம், போதும்.

வட்டத்தில் முதலில் கற்றுக்கொண்டது அவர். மற்றவர்கள் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் போனதும் கெடுத்துவிட்டார். மில்லில், ரம்ப இரைச்சலுக்கு நடுவே, கட்டை விரல் என்றால் "பிரமாதம்". ஆயுசு முழுக்க அதுதான் பழக்கம். முதல் மஞ்சள் மீன் கூட்டத்தைக் கண்டதும் நண்டுவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அவள் உடனே கையைப் பிடித்து இழுத்து ஏணிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"என்னாச்சுப்பா? மூச்சு முட்டுதா?"

அவள் உதட்டையே பார்த்தார். "இல்லம்மா, சூப்பரா இருக்கு!"

மறுபடி இறங்கினார். ஓர் ஆமை. மறுபடி கட்டை விரல். மறுபடி ஏணி.

"அப்பா, நல்லா இருந்தா வளையம் காட்டுங்க. கட்ட வெரலக் காட்டினா நான் மேல கூட்டிட்டு வந்துருவேன். எனக்கு அதான் சட்டம்."

"நல்லா இருக்கறத நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்க. ஆனா தண்ணில மேல்னா மேல மட்டும்தான்."

பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறி, இருமி, அப்புறமும் சிரித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

எனக்கு இந்த மனிதர்மேல் முதலிலிருந்தே ஒரு சந்தேகம். நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா? முதல் பிரதியில் அவரை அழுத்தக்காரராக எழுதியிருந்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. என்னைப் போலவே இருந்தார். இப்போது அந்தப் பக்கங்களைத் தூக்கிவிட்டேன். காரணம் அடுத்து நடந்தது.

முகம் தண்ணீரில். இருவரும் அருகருகே. ஆமை போய்விட்டது. அவர் அவள் தோளைத் தொட்டார். அவளைச் சுட்டினார். பிறகு இரண்டு விரல்களைக் கால்களாக்கி, தண்ணீரில் தூரமாக நடக்கவிட்டார். பிறகு உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்திருந்தார்.

நீ போறியா?

யார் சொன்னது இவருக்கு? சொன்னது அவளேதான். இரவு இறங்கும் நேரத்தில், விளக்கெரியும் அறையில், கண்ணாடிக் கதவு முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடும். அதில் அவள் முகம் தெரிந்தது. உதடு தெரிந்தது. ரம்பங்களுக்கு நடுவே ஆட்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் படித்தே காலம் தள்ளியவர் அவர்.

"அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் தெரியாதாம் சார். நான்தான் திரும்பி நின்னு சொல்லியிருக்கேன்" என்றாள். விரிப்பின் ஓரத்தில் கிளிப்பைக் குத்தினாள். "என் வேலை அப்படி. என் மூஞ்சிய யாரு பாத்தா அங்க? மைக்கப் பாத்துப் பேசுவேன், எல்லாருக்கும் கேட்டுரும். வீட்டுலயும் செவுத்தப் பாத்தே பேசிட்டிருந்திருக்கேன்."

அந்தச் சுவரின் இந்தப் பக்கம்தான் நான் இருந்தேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

விரித்த உள்ளங்கைக்கு அவள் தண்ணீருக்குள் பதில் சொன்னாள். கட்டை விரலை உயர்த்தினாள்.

நண்டு பார்த்துவிட்டாள். சட்டம் சட்டம்தானே. இருவரையும் இழுத்துக்கொண்டுபோய் ஏணியில் சேர்த்தாள். அவர் முகக் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் சிவப்பாக வட்டத் தடம். மனைவியின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன் சார்."

இங்கேதான் காற்று வந்தது. விரிப்பு எழும்பி அடித்தது.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் சொன்னது "மேல". அறைக்குப் போய் உட்கார்ந்து பேசுவோம் என்று பொருள். குன்றுப் பாதையில் இருவரும் ஏறுகிறார்கள். மூச்சு வாங்குவதால் பேச்சில்லை. ஆனால் வளைவுகளில் அவள் நின்று, திரும்பி, அவருக்கு முகத்தைக் காட்டுகிறாள். (இது எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பவில்லை.)

அவள் சொன்னது "மேல்". இதுவே மேல், உங்களோடு இருப்பதே மேல். (சினிமாத்தனமாக இருக்கிறது. அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. ஆனால் ஏணியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது யார் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்கென்ன தெரியும்? நான் கடலில் இறங்கியதில்லை.)

அல்லது அந்தக் கட்டை விரல் மில்லின் கட்டை விரல். ஆமாம், போகிறேன், சரிதான். சொன்ன சொல்லும் "மேல்"தான்: போவதே மேல். அவர் அதைக் கேட்டு — (முடிக்க மாட்டேன்.)

எனக்குத் தெரிந்தது அவர் செய்தது மட்டும். அதை அவள் விரிப்புக்கு மேலாகக் கையைத் தூக்கி எனக்குச் செய்துகாட்டினாள். 'ம்ம்' சொல்லவில்லை. விரல்களைச் சேர்த்து வளையம் காட்டினார்.

அவளுக்குப் போன் போட்டு அந்தச் சொல் என்ன என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போடப் போவதில்லை. அதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்; உங்கள் வீட்டில் யாருக்காவது நேராக நின்று சொன்னாலும் சரி.

7

மற்றபடி எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்பது தெரிந்ததுதான். மீதி நாட்களும் அவர்கள் குன்றின் மேலேயே தங்கினார்கள். அங்கிருந்து பார்த்தால் கடலில் பவளப்பாறை கறுத்துத் தெரியும் இடமெல்லாம் தெரிந்ததால், நாளை எங்கே இறங்குவது என்று முந்தைய மாலையே அவர் விரலால் காட்டிவிடுவார். நண்டு இன்னமும் அந்தக் கரையில்தான் இருக்கிறாள். கட்டை விரலைப் பார்த்தால் இப்போது ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுத்தான் இழுக்கிறாளாம். அம்மாள் தலைமை நிலையத்தில் சேர்ந்தார். வீட்டுக்காரரும் கூடவே போனார். மகள் வீடியோவில் கூப்பிடும் நாட்களில் காதுக்கருவியைப் போட்டுக்கொள்கிறார். மற்ற நாட்களில் அம்மாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார். பக்கத்துப் போர்ஷன் காலியாக இருக்கிறது. நான் ஆசைப்பட்ட அமைதி முழுசாகக் கிடைத்திருக்கிறது. புத்தகம் ஓடாத, பொழுது போகாத நேரங்களில் பேருந்து நிலையம் வரை நடந்து, புதிதாக வந்திருக்கும் அறிவிப்பாளரின் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வருகிறேன்.